கையைப் பிடித்து இழுக்கிறான், முகத்தைப் பார்க்கிறானா?

கேள்வி: அக்கா, என் மகனுக்கு இரண்டரை வயது. ஒன்றரை வயதில் 'அம்மா', 'தண்ணி', 'பூனை' என்றெல்லாம் சொன்னவன் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. பேரைக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் பிஸ்கட் பக்கட் பிரிக்கிற சத்தத்துக்கு வாசல் இஸ்தோப்பிலிருந்து ஓடி வருகிறான். போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்குவான். ஒன்றைத் தொட்டாலும் அழுகை. தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்துக் குடத்தடிக்கு இழுத்துப் போவான். மாமியார், "இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், கோயில்ல நூல் கட்டினா சரியாயிடும்" என்கிறார். காத்திருக்கலாமா?
– ஒரு தாய், மஸ்கெலியா, இலங்கை

பதில்: காத்திருக்க வேண்டாம், தங்கச்சி.

நான் இரண்டாம் முறை வாசித்தது அந்தக் குடத்தடி வரியைத்தான். இழுத்துப் போகும்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? என் மகன் பார்க்கவில்லை. என் கை அவனுக்கு ஓர் அகப்பை மாதிரி. வெறுமனே பேச்சு தாமதமாகும் பிள்ளை விரல் நீட்டிக் காட்டும். கூரையில் குரங்கைக் கண்டால் நாமும் பார்த்தோமா என்று நம் பக்கம் திரும்பும். ஒன்றரை வயதுக்குள் இது வந்திருக்க வேண்டும். வந்த சொற்கள் போய்விட்டாலோ, எந்த வயதிலும் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். இது ஓட்டிசம்தான், அதாவது பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறு விதமாக வளரும் நிலைதான், என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன்.

என் மகனுக்கு இப்போது 19 வயது. அவனுக்கு இரண்டு வயதில் ஓர் ஆஸ்பத்திரியில், "ஆம்பிளைப் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும்" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் அதைக் கேட்கத்தான் ஆசைப்பட்டேன், நம்பித் திரும்பி வந்துவிட்டேன். இரண்டு வருஷம் போனது.

பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தோடு தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரைப் பாருங்கள். அவர் வழியாக எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோர், பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளை வைத்தியர். தேவைப்பட்டால் பேராதனைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வைத்தியம் இலவசம், ஆனாலும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும், பஸ் காசும் போகும், தெரியும். முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிஸ்கட் சத்தம் கேட்கிறதே என்று விடாதீர்கள். சில சத்தம் கேட்டும் பேச்சு சரியாகக் கேட்காத பிள்ளைகள் உண்டு. மூடி அடுக்குவதையும் கையை இழுப்பதையும் போனில் பிடித்து வையுங்கள், டொக்டர் முன்னால் அவன் செய்யாமல் போகலாம். சிங்களம் தடுமாறினால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள்.

ஓட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து கிடையாது. விற்க வருபவரிடம் ஏமாறாதீர்கள். உதவுவது பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையும்தான், அதிலும் பெரும்பகுதி வீட்டில் நாம் செய்வது. இன்றைக்கே தொடங்கலாம். தரையில் அவன் முகத்துக்கு நேரே உட்காருங்கள். பிஸ்கட்டில் ஒரு துண்டு கொடுத்துவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அவன் உங்களைப் பார்த்தாலோ, ஒரு சத்தம் போட்டாலோ, "பிஸ்கட்" என்று சொல்லி உடனே அடுத்த துண்டு. என் வீட்டில் இப்படிப் போன மாரி பிஸ்கட்டுக்குக் கணக்கில்லை.

ஊசியால் வந்தது, நீ மலைக்கு வேலைக்குப் போனதால் வந்தது என்று லயத்து வீடுகளில் சொல்வார்கள். இரண்டும் பொய். 3 வயது ஊசியைத் தவறவிடாதீர்கள். நூல் கட்டுவதென்றால் கட்டுங்கள், மாமியாரோடு சண்டை எதற்கு? கிளினிக் நாளில் மட்டும் கோயில் வேண்டாம்.

அப்புறம், பிள்ளைக் காம்பரா (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) ஆயாவுக்கும் அந்தப் பிஸ்கட் வித்தையைச் சொல்லிக் கொடுங்கள். பகலெல்லாம் அவன் அவரிடம்தானே இருக்கிறான்.