இளைஞர்களைச் சூழல் வேலைக்குக் கொண்டுவருவது எப்படி? கேட்டீர்கள், சொல்கிறேன்

உள்ளூர் நீர்நிலை, மரம், பறவை, குப்பை என்று ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு இளைஞர்களுடன் வேலை செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கிவிட்டேன். சிலருக்கு நீளமான பதில், சிலருக்கு ஒரு வரி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஏரிப் பாதுகாப்புக் குழு நடத்துபவர்: முதல் ஞாயிறு அறுபது பேர் வந்தார்கள். மூன்றாவது ஞாயிறு ஆறு பேர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லையா?

பொறுமை இருக்கிறது, பொறுப்புதான் இல்லை. அதாவது நீங்கள் கொடுக்கவில்லை. முதல் ஞாயிறு கையுறை மாட்டினார்கள், சாக்கில் குப்பை அள்ளினார்கள், பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். எந்தக் கரையைச் சுத்தம் செய்வது, எத்தனை மணிக்குத் தொடங்குவது, அள்ளிய சாக்கு எங்கே போகும் என்பதெல்லாம் அவர்கள் வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. தான் வராவிட்டால் எதுவும் நின்றுபோகாது என்று தெரிந்த இடத்துக்கு யார் தூக்கத்தை விட்டுவிட்டு வருவார்?

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-ல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பாகவே அவர் கணக்கில் எடுக்கவில்லை: பெரியவர்கள் தங்கள் காரியத்துக்கு ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குச் சேர்த்துக்கொள்வது. நம் நிகழ்ச்சிகளில் பாதி இரண்டாவது படியைத் தாண்டுவதில்லை. டி-ஷர்ட் கொடுத்து வரிசையில் நிறுத்துவது அலங்காரம்தான்.

போன ஐம்பத்து நான்கு பேரை விடுங்கள். மிஞ்சிய ஆறு பேரை உட்கார வைத்துப் பேசுங்கள். கரையை மூன்று துண்டாகப் பிரித்து, துண்டுக்கு இருவர் என்று ஒப்படையுங்கள். அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். ஒருவர் பறவை எண்ணலாம் என்பார், இன்னொருவர் கழிவுநீர் எங்கிருந்து வருகிறது என்று தேடலாம் என்பார். நீங்கள் நினைத்த வேலையாக அது இருக்காது. இருக்கட்டுமே.

பள்ளி ஆசிரியர்: எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். மாதம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். செலவில்லாமல் என்ன செய்யலாம்?

பக்கத்தில் ஆழமில்லாத ஓடை இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு சிறு வலை, ஒரு பூதக்கண்ணாடி போதும். கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடிப்பக்கத்தை வலைக்குள் கையால் தேய்த்துக் கழுவி, தட்டில் கொட்டச் சொல்லுங்கள். முதலில் வெறும் சேறும் மக்கிய இலையும்தான் தெரியும். பிள்ளைகள் "ஒண்ணுமே இல்ல சார்" என்பார்கள். பேசாமல் இருங்கள். சேறு அடங்கியதும் ஒரு துணுக்கு நகரும், பிறகு இன்னொன்று. உடம்பின் இரு பக்கமும் மெல்லிய செவுள்கள் படபடக்க, பின்னால் மூன்று வால் நீட்டிக்கொண்டு ஊர்ந்தால், அது பெரும்பாலும் மேஃப்ளை பூச்சியின் இளம்பருவம். தட்டான்பூச்சியின் இளம்பருவம் கிடைத்துவிட்டால் அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழுதட்டைக் கை மாதிரி நீட்டி இரையைப் பிடிக்கும். பின்பக்கம் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிப் பாயும். ஒன்பதாம் வகுப்புப் பையனை அங்கிருந்து கிளப்ப முடியாது.

இதில் அறிவியலும் இருக்கிறது. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, காடிஸ்ஃப்ளை ஆகிய மூன்று பூச்சி வகைகளிலும் பெரும்பாலான இனங்களுக்கு ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும்; அசுத்தம் கூடினால் முதலில் காணாமல் போவது அவைதான். மாறாக, சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்கள் மட்டும் மண்டிக் கிடந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின். குறைந்த ஆக்சிஜனையும் பிடித்து வைத்துக்கொள்ள அது அவற்றுக்கு உதவுகிறது. எந்த வகை எத்தனை கிடைத்தது என்று மாதாமாதம் ஒரே இடத்தில் எண்ணிக் குறித்து வந்தால், ஆண்டு முடிவில் கணக்கு வகுப்புக்கான வரைபடம் தயார். பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

ஓடை இல்லை, குளம்தான் இருக்கிறது என்றால் செக்கி தட்டு. 1865-ல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி கடல்நீரின் தெளிவை அளக்கப் பயன்படுத்தியது. 20 செ.மீ. வட்டத் தட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்து, எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். மேடையிலிருந்தோ பாலத்திலிருந்தோ மட்டும், படகு வேண்டாம்.

ஒரு அம்மா: பையன் எப்போதும் போனும் கையுமாகத்தான் இருக்கிறான். அவனை எப்படி வெளியே இழுப்பது?

போனோடு இழுங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி, கூவுகிற குரலைக் கேட்டே எந்தப் பறவை என்று சொல்லப் பார்க்கும். சில நேரம் தப்பாகவும் சொல்லும். "அது தப்பு, நான் கண்ணால் பார்த்தேன்" என்று அவன் செயலியோடு சண்டை போடத் தொடங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஈபேர்ட் என்ற இணையதளத்தில், பார்த்த பறவைகளின் பட்டியலை இடலாம். 2002-ல் தொடங்கிய அந்தத் தளத்தில் இன்று உலகெங்கும் ஆட்கள் இட்டுவரும் பட்டியல்களை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள், அவனுடையதும் அதில் சேரும். செடி, பூச்சி, பூஞ்சைக்கு ஐநேச்சுரலிஸ்ட். அதில் நீங்கள் போடும் படத்துக்கு முகம் தெரியாத ஒருவர் வந்து பெயர் சொல்லிவிட்டுப் போவார். பதினைந்து வயதுப் பையனுக்குத் தன் படத்தை ஒரு நிபுணர் பார்த்தார் என்பது சின்ன விஷயமில்லை.

ஒரு எச்சரிக்கை: கூட்டின் படம், அரிய உயிரினம் இருக்கும் துல்லியமான இடம், இரண்டையும் பொதுவில் போடக் கூடாது. பிடித்து விற்கிறவர்களும் அதே போனைத்தான் வைத்திருக்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் அழியும் நிலையில் உள்ள பல இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிவிடும். மற்ற தளங்களில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரி மாணவர்: ஒரே நாளில் ஆயிரம் மரக்கன்று நடத் திட்டமிடுகிறோம். ஆலோசனை வேண்டும்.

ஐம்பது நடுங்கள். கன்று பிழைக்குமா என்பது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தெரிந்துவிடும். அதுவரை தண்ணீர் ஊற்ற, வேலி பார்க்க, களை எடுக்க ஆள் யார் என்று இப்போதே பெயர் எழுதுங்கள். விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவீர்கள், கோடையும் அப்போதுதான் வரும். ஆயிரத்துக்கு ஆள் இருக்கிறதா?

இன்னொன்று, வெறுமையாகத் தெரிகிற இடமெல்லாம் மரம் கேட்பதில்லை. புல்வெளி என்பது தனி வாழிடம். தரையில் கூடு கட்டும் பறவைகளும் புல்லை நம்பிய பூச்சிகளும் அங்கே இருக்கும். அங்கே மரம் நட்டால் கெடுத்ததாகத்தான் ஆகும். அந்த மண்ணுக்குரிய இனமா, மழைக்காலத் தொடக்கமா என்று பாருங்கள். நட்ட நாளின் படத்தை விட, ஓராண்டு கழித்து ஐம்பதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற எண்ணை வெளியிடுங்கள். நாற்பது என்றால் மார்தட்டிக்கொள்ளலாம். பதினைந்து என்றாலும் வெளியிடுங்கள், மற்ற குழுக்களுக்கு அது உதவும்.

தன்னார்வலர், பெண்: எங்கள் குழுவில் பெண் பிள்ளைகள் சில மாதங்களில் நின்றுவிடுகிறார்கள். ஆர்வம் இல்லை என்று ஆண்கள் சொல்கிறார்கள்.

கழிப்பறை எங்கே இருக்கிறது என்று அந்த ஆண்களிடம் கேளுங்கள். நான்கு மணி நேரம் வெளியில் நிற்கும் நிகழ்ச்சி, பக்கத்தில் ஒதுங்க இடமில்லை, முடியும் நேரம் இருட்டு, திரும்பிப் போக வண்டி இல்லை. இதில் ஆர்வம் எங்கே வந்தது? அழைப்பிலேயே மூன்று விஷயம் எழுதுங்கள்: கழிப்பறை எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு முடியும், திரும்பிச் செல்ல ஏற்பாடு என்ன. நிகழ்ச்சியை இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள். அப்புறம், டீ வாங்குவது, கையெழுத்து வாங்குவது பெண்களுக்கு, அளவுக் கருவி ஆண்களுக்கு என்று வேலை தானாகப் பிரிந்துவிடுகிறதா என்றும் கவனியுங்கள். பல குழுக்களில் யாரும் சொல்லாமலே அப்படி ஆகிவிடுகிறது.

குப்பை அள்ளுவதில் பயன் உண்டா? அடுத்த வாரம் அதே இடத்தில் அதே குப்பை.

அள்ளுவதோடு நின்றால் பயன் குறைவு. அள்ளியதை எண்ணினால் நிறைய. 1986-ல் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கியதுதான் இன்று பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மைப் பணியாக வளர்ந்திருக்கிறது. அது முதல் ஆண்டே, கிடைத்த ஒவ்வொன்றையும் அட்டையில் குறிக்கச் சொன்னது. அந்தக் கணக்கில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது சிகரெட் துண்டு. 2019-ல் உணவுப் பொட்டல உறைகள் அதை முந்தின. உங்கள் சாக்கையும் ஒரு தார்ப்பாயில் கொட்டி, உறை, பாட்டில், மூடி, தெர்மக்கோல் என்று பிரித்து எண்ணுங்கள். யார் தயாரித்த உறை என்றும் குறியுங்கள். "குப்பை போடாதீர்கள்" என்று உள்ளாட்சி அலுவலகத்தில் போய்ச் சொன்னால் தலையாட்டுவார்கள். "மூன்று மாதமாக இந்த இடத்தில் பாதிக்கு மேல் ஒரே வகை உறை, அருகில் தொட்டி இல்லை" என்று தாளை நீட்டினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தத் தாளை நீட்டுவது எண்ணிய பிள்ளையாக இருக்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

ஊசி, கண்ணாடி, மருத்துவக் கழிவு கண்ணில் பட்டால் பிள்ளைகள் தொடக் கூடாது. தடித்த கையுறையும் இடுக்கியும் வைத்திருக்கும் பெரியவர் மட்டும் எடுக்கலாம். தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

பெயர் வேண்டாம் என்றவர்: இரவில் ஓடையில் கழிவைக் கொட்டுகிறார்கள். எங்கள் பையன்கள் ஒளிந்திருந்து வீடியோ எடுக்கத் தயார்.

வேண்டவே வேண்டாம். லாபம் பார்க்கிறவர்களுக்கு முன்னால் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை நிறுத்தக் கூடாது. பகலில், கூட்டமாக, பொது இடத்தில் நின்று, தேதியோடு தண்ணீரின் நிறம், வாடை, செத்த மீன் ஆகியவற்றைப் பதியுங்கள். புகாரில் பெரியவர்கள் கையெழுத்துப் போடட்டும், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

நலச் சங்கச் செயலாளர்: எங்கள் குழுவில் ஒரு மாணவரைச் சேர்த்தோம். கூட்டத்தில் வாயே திறப்பதில்லை.

நரைத்த தலைகள் பன்னிரண்டுக்கு நடுவில் தனியாக உட்கார வைத்தால் நானும் திறக்கமாட்டேன். குறைந்தது இருவரையாவது சேருங்கள், வாக்குரிமை கொடுங்கள், பேசப்போவது என்ன என்று முன்கூட்டியே அனுப்புங்கள். கூட்டத்தை வகுப்பு நேரத்தில் வைக்காதீர்கள். பிறகு ஒரு சிறு தொகையை ஒதுக்கி, செலவும் கணக்கும் உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். பணம் கைக்கு வந்ததும் பேச்சு தானாக வரும்.

சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 1991-ல் தான்சானியாவில் தொடங்கிய ரூட்ஸ் அண்ட் ஷூட்ஸ் என்ற இளைஞர் அமைப்பு பன்னிரண்டு மாணவர்களோடு ஆரம்பித்தது. தங்களைச் சுற்றி நடப்பதைப் பார்த்துக் கவலைப்பட்டு அவர்களே அவரிடம் போய்ப் பேசினார்கள். எந்தப் பிரச்சினையை எடுப்பது என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. பல நாடுகளுக்குப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாணவி, 19: உலகமே சூடாகிக்கொண்டிருக்கும்போது ஒரு குளத்தைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது? சில நாள் எழுந்திருக்கவே தோன்றுவதில்லை.

நீ தனியாள் இல்லை அம்மா. 2021-ல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் வந்த ஆய்வு பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள பத்தாயிரம் பேரைக் கேட்டது. 59 சதவீதம் பேர் பருவநிலை பற்றி மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். 45 சதவீதத்துக்கும் மேல் அது தங்கள் அன்றாட வாழ்வைப் பாதிக்கிறது என்றார்கள்.

அந்தக் குளம் புவி வெப்பத்தைக் குறைக்காது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மழைநீரைப் பிடிக்கும், நிலத்தடி நீரை ஊறவைக்கும், சுற்றுப்புறச் சூட்டைக் கொஞ்சம் தணிக்கும், அதில் தவளையும் தட்டானும் வாழும். பெரிய வேலைக்குத் தேவையான ஆட்களும் பழக்கமும் இந்த மாதிரி இடங்களில்தான் உருவாகின்றன. தனியாகச் செய்யாதே, கூட்டாளியோடு செய். எழுந்திருக்கத் தோன்றாத நாட்கள் தொடர்ந்தால் மனநல ஆலோசகரைப் பார். குளம் ஒரு மாதம் காத்திருக்கும்.

சான்றிதழ் கொடுக்கலாமா?

கொடுங்கள். செய்த வேலையை அதில் எழுதுங்கள். "கலந்துகொண்டார்" என்று மட்டும் போடாதீர்கள்.

போட்டி வைத்தால் கெட்டுப்போகுமா?

எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பறவைகளையும் விலங்குகளையும் யார் அதிகம் சுட்டு வீழ்த்துகிறார்கள் என்று போட்டி போடும் வழக்கம் இருந்தது. 1900-ல் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் அதற்குப் பதிலாகப் பறவைகளை எண்ணுவோம் என்றார். முதல் ஆண்டு 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை நடக்கிறது. நீங்களும் சாக்கின் எடைக்குப் பரிசு கொடுக்காதீர்கள், ஈரமண்ணையும் சேர்த்து அள்ளி வருவார்கள். விடாமல் பதிவு வைத்த குழுவுக்குக் கொடுங்கள்.

ஒருங்கிணைப்பாளர், 23: அடுத்த ஆண்டு வேலைக்காக வெளியூர் போகிறேன். குழு கலைந்துவிடுமோ?

இன்றைக்கே இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள், உங்களை விட மூன்று நான்கு வயது இளையவர்களாக. அடுத்த மூன்று நிகழ்ச்சிகளை அவர்கள் நடத்தட்டும். கூட்டத்தில் ஒருவராக நீங்கள் போய் நில்லுங்கள், கேட்டால் மட்டும் பேசுங்கள். அளவுக் குறிப்பேடு, கருவிகள் இருக்கும் அலமாரியின் சாவி, கணக்குகளின் கடவுச்சொற்கள், அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பையும் கொடுத்துவிடுங்கள். அவர்கள் முதலில் மாற்றுவது நீங்கள் ஆசையாக வைத்த குழுவின் பெயராகத்தான் இருக்கும், பேசாமல் விட்டுவிடுங்கள்.