அப்பாவின் .32 பிஸ்டலுக்கு ரீகாயில் ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா?

அப்பா வைத்திருந்த .32 பிஸ்டல், லைசென்ஸ் மாறி இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. 12 வருஷத்தில் 60 தோட்டா சுட்டிருந்தாலே அதிகம், ஆனால் வீடியோக்களில் 3,000 ரவுண்டுக்கு ஒருமுறை ரீகாயில் ஸ்பிரிங்கை (சுட்டதும் பின்னால் போகிற ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேல்பகுதியை, திரும்ப முன்னுக்குத் தள்ளுகிற சுருளை) மாற்றச் சொல்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாக, இருந்தவன். இப்போது பாளையங்கோட்டைப் பக்கம் லைசென்ஸ் உள்ள ஒரு ஆயுதக் கடையில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை. அந்த 3,000 கணக்கு வாராவாரம் சுடுகிறவர்களுக்கு. அதுவும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும்: .45 1911 மாடல் பிஸ்டலில் 2,000-லேயே மாற்றுகிறவர்கள் உண்டு, கிளாக் பிஸ்டலில் 5,000 வரை விடுகிறவர்களும் உண்டு. நம்ம ஊரில் வாங்க முடிகிற தோட்டாவை வைத்து அந்தக் கணக்கை எட்ட ஆயுசு போதாது. இங்கே ஸ்பிரிங் தேய்ந்து சாவதில்லை, துருப்பிடித்துத்தான் சாகிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு அண்ணாச்சி வீட்டு அலமாரியில் இடுப்பளவு தண்ணீர். பிஸ்டலை வெளியே எடுத்தவர் துணியால் துடைத்து, மேலே தேங்காய் எண்ணெய் தடவி (ஆமாம், தேங்காய் எண்ணெய்தான்), தோல் உறைக்குள்ளேயே திரும்பப் போட்டுவிட்டார். தேர்தலுக்கு ஒப்படைத்து வாங்கியபின், ஸ்லைடு இழுக்கக் கரகரவென்கிறது என்று கடைக்குக் கொண்டுவந்தார். வெளியே பளபள. கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங்கில் நடுவில் நாலைந்து சுற்று சொறி பிடித்த மாதிரி குழி குழியாக இருந்தது. மேல்துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம், குழியை எடுக்க முடியாது. ஒவ்வொரு தடவை அமுங்கும்போதும் கம்பிக்கு அந்த இடத்தில்தான் அழுத்தம் கூடும், உடைவதும் அங்கேதான்.

.32-இல் பெரும்பாலும் பேரலை (குழலை) ஸ்லைடோடு பூட்டும் அமைப்பே கிடையாது. சுடுகிற கணத்தில் பின்பக்கத்தை அடைத்துப் பிடித்திருப்பது ஸ்லைடின் எடையும் இந்த ஸ்பிரிங்கும் மட்டும்தான். ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு ஃபிரேமில் (பிஸ்டலின் கீழ்ப்பகுதியில்) போய் மடாரென்று மோதும், காலிக் கேஸ் (சுட்ட தோட்டாவின் கூடு) வழக்கத்தைவிடத் தூரம் பறக்கும், அடுத்த ரவுண்டை ஏற்றிவிட்டு ஸ்லைடு முழுசாக மூடாமல் அரை விரல் முன்னாலேயே நின்றுவிடும். சரி, அப்படியென்றால் இன்னும் கடினமானதைப் போட்டால் நல்லதுதானே என்று ஒருத்தர் கேட்டார். இல்லை, அப்போது ஸ்லைடு கடைசி வரை போகாமலே திரும்பிவிடும், காலிக் கேஸ் வெளியே வராமல், அது வெளியேறுகிற வாயிலேயே சிக்கும். அந்த மாடலுக்கு என்ன உண்டோ அதுதான்.

அப்புறம், பழைய ஸ்பிரிங் குட்டையாகிவிட்டது என்று இழுத்து நீட்டாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே செய்தேன், அளவு கச்சிதமாக வந்தது, பெருமையாக ஹவில்தாரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் மாட்டி ஒரு மேகசின் (தோட்டா அடுக்குகிற பெட்டி) நிறையச் சுட்டுவிட்டுக் கழற்றிக் கையில் கொடுத்தார், பழையபடி குட்டை. புது ஸ்பிரிங்கும் முதலில் கொஞ்சம் குறுகத்தான் செய்யும், அது இயல்பு, அதன்பின் நிலைத்துவிடும். அதனால் பழையதை, கொஞ்சம் சுட்டுப் பழகிய நல்ல ஸ்பிரிங்கோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

கழற்றும்போது முதலில் மேகசினை எடுங்கள், அதற்குப் பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் நீங்களே ஒரு ரவுண்டை சேம்பருக்குள் (பேரலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடத்துக்குள்) ஏற்றிவிட்டு, காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சேம்பருக்குள் விரலை விட்டும் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் தெறித்தால் நேராக முகத்துக்குத்தான் வரும்.

எண்ணெய் மெல்லிசாக, விரலில் தொட்டால் ஒட்டுகிற அளவு போதும். சொட்டச் சொட்ட விட்டால் ஆடிக் காற்றில் வருகிற தேரி மணலெல்லாம் (தேரிக்காட்டுச் செம்மணல்) அதில் ஒட்டிக்கொள்ளும். உவரி, கூத்தங்குழி மாதிரிக் கடலோரம் இருந்தால் மாதம் ஒருமுறை துடைப்பது நல்லது. தோல் உறையில் வைத்துப் பூட்டவே வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உங்கள் விஷயத்தில், அப்பா எப்படி வைத்திருந்தார் என்று தெரியாததால் ஒருமுறை மாற்றிவிடுங்கள். லைசென்ஸோடு கடைக்குக் கொண்டுபோனால் அவர்களே மாட்டித் தருவார்கள். மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நான் பார்த்தவரை யாரும் அதைச் செய்வதில்லை.