சர்க்கரை மாத்திரைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பல ஆண்டுகளாகச் செல்லும் 46 வயதுத் தாயாரிடம் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி மருத்துவர் ஒருமுறைகூடப் பேசாதது ஏன்?

உங்கள் கேள்வியில் மருத்துவருக்கு இது தெரியாதோ என்ற ஐயம் இருக்கிறது. அத்தகைய நிலையம் ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தெரியும். 30 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்ற மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் எங்கள் மேசையிலேயே இருந்தது. ஆனால், வெளியே வரிசை நீண்டிருக்க, பேருந்துக்கு நேரமாகிறதென்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம், எந்தத் தொந்தரவும் இல்லாதபோது உள்ளே வந்து கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் படுக்கும்படி ஓர் ஆண் மருத்துவர் சொல்வது எளிதன்று. நான் பலமுறை சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

ஆகவே, கருப்பைவாய்ப் பரிசோதனையைச் செவிலியரிடம் ஒப்படைத்தது சரியென்றே கருதுகிறேன். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுதலடைந்த திசு வெள்ளையாகத் தெரியும். ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வுக்காகப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்களுக்கு இதைச் செய்தனர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு, அழைக்கப்படாத பகுதிகளைவிட 35 விழுக்காடு குறைவாக இருந்ததென அந்த ஆய்வு 2007இல் காட்டியது. இந்த எண்ணை மேற்கோள் காட்டுவோர் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அங்கே வெள்ளை தெரிந்தவர்களில் தகுதியானவர்களுக்கு, அதே வருகையிலேயே செவிலியர்கள் உறைநிலைச் சிகிச்சையும் (மாறுதலடைந்த திசுவைக் கடும் குளிரால் உறையவைத்து அழிப்பது) அளித்தார்கள். நான் பணியாற்றிய இடத்திலோ பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். ஒருநாள் கூலியை இழந்து, துணைக்கு ஆள் தேடிப் போக வேண்டியிருந்ததால் பலர் போகவில்லை. எங்கள் பதிவேட்டில் மட்டும் அந்தப் பெண்ணின் கணக்கு முடிந்திருக்கும்.

வாய்ப் பரிசோதனைக்கு எங்களிடம் இத்தகைய சாக்கு எதுவும் இல்லை. புகையிலை போடுபவரின் கன்னத்தின் உட்புறத்தை ஒரு டார்ச் விளக்கால் பார்த்துவிடலாம். அதையும் நாங்கள் ஒழுங்காகச் செய்ததில்லை.

தாயார் அடுத்த முறை மாத்திரை வாங்கச் செல்லும்போது, மருத்துவருக்காகக் காத்திராமல், தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியரிடம் நேரடியாகக் கேட்கட்டும். மாதவிடாய் நாள்களைத் தவிர்த்துச் செல்வது நல்லது. வெள்ளை தெரிந்தால் சிகிச்சை எங்கே, எந்தக் கிழமையில் கிடைக்கும் என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்; அந்த நாளில் நீங்களும் உடன் செல்லுங்கள்.