சித்தப்பா சொல்கிறார் என்று நிலத்தை விற்காதீர்கள்

மகள் நீட்டில் அரசு ஒதுக்கீட்டுக்கு எட்டாத மதிப்பெண். நிலத்தை விற்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேருங்கள் என்கிறார் சித்தப்பா. அவளோ, தம்பிக்கு வந்திருக்கும் டுஷென் தசைச்சிதைவு நோயைச் சுண்டெலிகளில் ஆராய வேண்டும் என்கிறாள். "எலி வளர்க்கவா படிக்க வைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கவலை புரிகிறது. ஆனாலும் நிலத்தைத் தொடாதீர்கள். பையனுக்கு ஸ்டீராய்டு மாத்திரை, பிறகு மோட்டார் சக்கர நாற்காலி, இரவில் மூச்சுக்கு பைபாப் கருவி என்று செலவு வரிசையில் நிற்கிறது. அந்தப் பணத்தை, அவள் கேட்கவே கேட்காத ஒரு சீட்டுக்குக் கொட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

தம்பி வாசிக்கத் திணறுகிறான், சொன்னதை மறக்கிறான், சட்டென்று பயப்படுகிறான் என்று அவள் கவனித்து வைத்திருக்கிறாள். அது சோம்பல் இல்லை. தசையில் இல்லாமல் போன டிஸ்ட்ரோஃபின் புரதம் மூளையிலும் இருக்க வேண்டியது. இந்நோயுள்ள பிள்ளைகளின் சராசரி ஐ.க்யூ. 85-ஐ ஒட்டி வருகிறது. ஆனால் தசையைப் போல அது வருஷா வருஷம் சரிவதில்லை.

இந்த நோயை ஆராயப் பயன்படும், 1984-இல் பதிவான 'எம்டிஎக்ஸ்' சுண்டெலிக்கு டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் 23-ஆம் எக்ஸானில், அதாவது ஒரு துண்டில், பிழை. அதைப் பிடரித் தோலில் பிடித்து, வாலைக் கடைசி இரு விரல்களுக்கு இடையில் இடுக்கி, 15 விநாடி அசையாமல் வைத்துப் புதுக் கூண்டில் விடுவார்கள். ஐந்து நிமிட வீடியோ. சாதாரண எலி சீக்கிரமே மோப்பம் பிடித்து நகரும். இது மூச்சு மட்டும் ஓட, உறைந்து நிற்கும். தசை பலவீனத்தால் நிற்கிறதோ? அந்தச் சந்தேகத்துக்கு 2009-இல் ஒரு ஜப்பானியக் குழு பதில் தந்தது: மரபணுவிலுள்ள அந்தப் பிழையைத் தாண்டிச் செல்லைப் படிக்க வைக்கும் மருந்தை நேராக மூளைக்குள் செலுத்தியதும் உறைவு குறைந்தது.

சொதப்புவதும் இங்கேதான். எம்டிஎக்ஸ் எலி சி57 பிளாக்10 என்ற ஆய்வக வம்சம்; கையில் இருக்கிறதே என்று பிளாக்6 என்ற வேறு வம்சத்து எலியோடு ஒப்பிட்டால் வம்ச வித்தியாசத்தை நோய் என்று எழுதிவிடுவோம். எது எந்த எலி என்று வீடியோ பார்ப்பவருக்குத் தெரியவே கூடாது. ஒவ்வொரு எலிக்குப் பிறகும் கூண்டை 70% எத்தனாலால் துடைக்காவிட்டால் முந்தைய எலியின் வாசனைக்கே அடுத்தது பயப்படும். எம்டிஎக்ஸில் டிஸ்ட்ரோஃபினின் குட்டை வடிவமான டிபி140 என்ற புரதம் மிச்சம் இருக்கும். அதையும் இழந்த பையன்களைப் புரிந்துகொள்ள, அதுவும் இல்லாத 'எம்டிஎக்ஸ்52' எலி வேண்டும். இந்தப் பொறுமை இருக்கிற பிள்ளையிடம் போய் எம்.பி.பி.எஸ். கௌரவம் பேசாதீர்கள்.

வழி: ஐசர் எனும் மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின், இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பி.எஸ்-எம்.எஸ். படிப்பு. திருப்பதியும் திருவனந்தபுரமும் பக்கம். நுழைவுத் தேர்வில் 60 கேள்வி, 240 மதிப்பெண்; அதில் 15 கேள்வி கணிதம், தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும். பிளஸ் டூவில் கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் பிள்ளைகள் அந்த 60 மதிப்பெண்ணில்தான் கோட்டை விடுகிறார்கள். இன்றே கணிதத்தைத் தொடங்கட்டும். பிறகு பி.எச்டி.; நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், அதை மறைக்க மாட்டேன். அதற்குள் அவள் சம்பளம் வந்தாக வேண்டிய வீடு என்றால் இப்போதே அவளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

இன்னொன்றையும் அவளே முடிவு செய்யட்டும். பரிசோதனை முடிந்ததும் எலியைக் கொன்று மூளையை எடுத்துப் பார்ப்பார்கள். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான், ஆனால் கொல்வார்கள். எலியின் சிறுநீரும் பொடுகும் சிலருக்கு மூக்கொழுகலில் ஆரம்பித்து ஆஸ்துமா வரை போகும். அவளுக்கு வீசிங் இருந்தால், முதலாண்டு விடுமுறையில் எலிக்கூடம் உள்ள ஆய்வகத்தில் கால் வைக்கும் முன் நுரையீரல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.