வாசகர் கேள்வி: கரிச்சட்டியும் காதலும்

கேள்வி: என் நாவலில் பேய் பிசாசை நம்பாத கொழும்புப் பெண்ணொருத்தி, அப்புத்தளையில் பழைய பங்களாவொன்றில் தங்குகிறாள். இரவில் காலடிச் சத்தம். கட்டிலருகே யாரோ நிற்பதுபோல் இருக்கிறது. அவ்வூர் இளைஞனோடு காதலும் உண்டு. கடைசியில் 'எல்லாம் எலி' என்று முடித்தேன். தோழி வாசித்துவிட்டு "சப்பென்று இருக்குது" என்கிறாள். பேயை நிஜமாக்கிவிடவா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம். அத்தனை அத்தியாயம் வாதாடியவள் அசடாகிப்போவாள். எலிக்கும் காதலனுக்கும் சம்பந்தமில்லை, அதுதான் சப்பென்று இருக்கிறது. மர்மத்தின் காரணம் அவன் கையிலிருந்தே வரட்டும்.

குளிருக்கு அவன் தினமும் மாலையில் கரிச்சட்டி கொண்டுவந்து வைக்கிறான் என்று வையுங்கள். புகையில்லாமல் கனலும் கரியிலிருந்தும் காபனோரொட்சைட்டு வாயு வரும். நிறமில்லை, மணமில்லை, ஆகவே அவள் 'ஏதோ மணக்குது' என்று எங்கும் சொல்லக்கூடாது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணையும் வாயு அது. தலையிடி, குமட்டல், மனக்குழப்பம் வரும். 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவச் சஞ்சிகையொன்றில் இப்படியொரு 'பேய்வீடு' பதிவாகியிருக்கிறது: வீட்டாருக்குக் காலடிச் சத்தம் கேட்டது, வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி அதன் வாயு வீட்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது.

கரிச்சட்டி முதலில் காதல் காட்சியில் வரட்டும், துப்பாகத் தெரியாது. தலையிடியை அவள் பயணக் களைப்பென்று தள்ளிவிடட்டும்; பகலில் வெளியே போனதும் அது விட்டுப்போவதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் சொன்னால் போதும். அறையில் கூண்டுக் கிளி வைத்து அதைச் சாகடிக்காதீர்கள், வாயுதான் என்று குட்டு உடைந்துவிடும். ஒன்றில் கவனம்: இறுக மூடிய அறையில் இரவு முழுக்கக் கரி கனன்றால் விடியும்போது கதாநாயகி உயிரோடு இருக்கமாட்டாள். சட்டி சின்னதாக இருக்கட்டும், கதவடியில் இடுக்கும் இருக்கட்டும். அவன் படுப்பது விறாந்தையில். அதனால்தான் அவனுக்கு எதுவும் கேட்பதில்லை.

அவள் சோதிக்கும் விதமும் முக்கியம். கரிச்சட்டியை எடுத்த அதே இரவில் அறையையும் மாற்றினால் எது காரணமென்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று இரவு பார்க்கவேண்டும். கொழும்பு பாமன்கடையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரை (1898-1978) நினைத்துக்கொள்ளுங்கள். பேய்வீடென்றால் நேரில் போய், வீட்டாரை விசாரித்துக் காரணம் தேடியவர் அவர். வெறுமனே நக்கலடிக்கும் பெண்ணை வாசகர் நம்பமாட்டார்கள்.

கண்டுபிடித்ததை ஊரார் முன்னால் அவள் போட்டுடைக்க வேண்டாம். அன்று மாலையும் அவன் கரிச்சட்டியோடு வாசலில் வந்து நிற்பான். அவனிடம் அவள் அதை எப்படிச் சொல்கிறாள் என்பதுதான் உங்கள் கடைசி அத்தியாயம்.