ஒன்பதாம் நாளும் இலை தின்னும் பட்டுப்புழு

கேள்வி: புழுவின் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவம், ஒன்பதாம் நாள். பத்தில் ஒரு புழுகூடப் பழுக்கவில்லை, அதாவது கூடு நூற்கத் தயாராகவில்லை; தின்றுகொண்டே இருக்கிறது. பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் வெள்ளை ஈக்கு மருந்து அடித்தார்கள். மூளை சொன்னால்தான் புழு நூற்கும் என்று பயிற்சியில் கேட்டேன். தலையில் இருக்கும் மூளை உடம்பை எப்படி மாற்றுகிறது? இப்போது நான் என்ன செய்ய? (உடுமலை வட்டாரப் பட்டு விவசாயி)

பதில்: நரம்பு வழியாக நேரே அல்ல, இரத்தம் வழியாக. போலந்து நாட்டு ஆய்வாளர் கோப்பெச் ஒரு நூறாண்டுக்கு முன் கம்பளிப்புழுக்களின் நரம்புத் தண்டை அறுத்துப் பார்த்தார். அப்படியும் அவை கூட்டுப்புழு ஆயின. உரிய நாளுக்கு முன்பே மூளையை எடுத்தபோதுதான் மாற்றம் நின்றது.

பட்டுப்புழுவின் மூளையில் சில நரம்பு செல்கள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது மார்பிலுள்ள சுரப்பியைத் தூண்ட, புழுவை உருமாற வைக்கும் எக்டைசோன் என்ற ஹார்மோன் வெளிவருகிறது. இது செல்லின் கருவுக்குள்ளேயே போய், தூங்கும் மரபணுக்களை எழுப்பி, அவற்றின் நகலான ஆர்.என்.ஏவை எழுத வைக்கும். சிலவற்றை அடக்கவும் செய்யும். 1960இல் ஜெர்மனியில் கிளெவர், கார்ல்சன் இருவரும் ஒரு கொசு போன்ற ஈயின் புழுவுக்கு எக்டைசோன் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் அதன் குரோமோசோம்களில் சில இடங்கள் புடைத்தன. ஆர்.என்.ஏ உருவாகும் இடம் அந்தப் புடைப்புதான்.

ஆனால் புழுவைப் புழுவாகவே வைத்திருக்கும் இளமை ஹார்மோன் குறையாதவரை மூளை அந்த உத்தரவைப் போடாது. வெள்ளை ஈக்கு அடிக்கும் பைரிப்ராக்சிஃபென் அந்த இளமை ஹார்மோனைப் போலவே நடிக்கும் மருந்து. இலையில் துளி படிந்தாலும் போதும், 'நீ இன்னும் சின்னப் புழுதான்' என்று உடம்பை நம்ப வைத்துவிடும். நரம்பு விஷம் என்றால் புழு உடனே துடிக்கும், வாந்தி எடுக்கும். இது நூற்கும் நாள் வரை காட்டிக்கொடுக்காது.

முதலில் என்ன மருந்து அடித்தார்கள் என்று பக்கத்துக்காரரிடம் டப்பாவையே வாங்கிப் பாருங்கள். அது பைரிப்ராக்சிஃபென் இல்லையென்றால், புழு வளர்ப்பு மனையில் குளிர் அதிகமா, புழு நெருக்கமா என்று பார்க்கலாம். அந்த நிலையில் நூற்றுக்கு 5 முதல் 10 புழு பழுத்ததும், எக்டைசோன் வகைத் தாவரச் சாறான சம்பூர்ணாவைப் பாக்கெட்டில் உள்ள அளவுப்படி இலையில் தெளித்துக் கொடுங்கள். முன்கூட்டி அடிக்காதீர்கள். பட்டுப் புரதத்துக்கான ஆர்.என்.ஏ சேர்வது இலை தின்னும் நாட்களில்தான். அவசரப்பட்டால் கூடு சன்னமாகிவிடும்.

பைரிப்ராக்சிஃபென்தான் என்றால் சம்பூர்ணாவை நம்பிக் காத்திருக்காதீர்கள். தக்காளித் தோட்டத்தை ஒட்டிய ஓர வரிசை மல்பெரி இலையைக் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். செடியைக் கவாத்து செய்து புதுத் துளிர் வந்ததும், கொஞ்சம் புழுவுக்கு மட்டும் தனித் தட்டில் கொடுத்து, கூடு கட்டும் வரை பாருங்கள். இரண்டு நாள் சோதனை இதற்குப் போதாது.