ஒரே தடவை காசு, ஆயுசுக்கும் சேனல்: ஆண்ட்ராய்டு பாக்ஸ் கேள்வி பதில்

ஈரோடு: அண்ணா, ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு டிவியில் மாட்டும் ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ். 8கே, 8 ஜிபி ராம், 128 ஜிபி என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். அந்த விலைக்கு அந்த ராம் வராது. உள்ளே பெரும்பாலும் 1 அல்லது 2 ஜிபிதான் இருக்கும். செட்டிங்ஸில் பெரிய எண் தெரிகிற மாதிரி ஃபர்ம்வேரை (பாக்ஸுக்குள் பதித்து வரும் மென்பொருளை) திருத்தியிருப்பார்கள். ராம் அளவையே மாற்றிக் காட்டும் ஃபர்ம்வேரில் வேறு எதையெல்லாம் நுழைத்திருக்கிறார்கள் என்று உங்களால் பார்க்க முடியாது.

விலை குறைவாக இருப்பது மட்டும் குற்றமில்லை. அமெரிக்காவில் வால்மார்ட்டின் 'ஆன்' பாக்ஸ் 20 டாலர் அளவில் கிடைக்கிறது, கூகுள் சான்று பெற்றது. நீங்கள் பார்க்க வேண்டியதும் அந்தச் சான்றைத்தான். ப்ளே ஸ்டோர் இருப்பது சான்று ஆகாது. ப்ளே ஸ்டோரில் செட்டிங்ஸ், அபவுட் போய், ப்ளே ப்ரொடெக்ட் வரியில் 'சர்டிஃபைட்' என்று வருகிறதா பாருங்கள். அதையும் போலியாகக் காட்டலாம் என்பதால், தயாரித்த நிறுவனம் கூகுளின் ஆண்ட்ராய்டு டிவி கூட்டாளிகள் பட்டியலில் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

சான்றில்லாத பாக்ஸுக்குக் கண்ணாலேயே தெரியும் அடையாளமும் உண்டு. ரிமோட்டில் மவுஸ் பட்டன் இருக்கும், அழுத்தினால் திரையில் அம்புக்குறி வரும். ப்ளே ஸ்டோர் டிவிக்கான வடிவில் இல்லாமல் போனில் வருகிற மாதிரியே திறக்கும். அப்படியென்றால் அது டிவி மென்பொருளே இல்லை, டேப்லெட் ஆண்ட்ராய்டு. நெட்ஃப்ளிக்ஸ் 480பி-யைத் தாண்டாது என்றால், உயர்தரப் படத்துக்கான வைட்வைன் எல்1 உரிமமோ நெட்ஃப்ளிக்ஸ் சான்றோ இல்லாமல் இருக்கலாம்.

டொரோண்டோ: தமிழ் சேனல்களுக்காகக் கடையில் ஒரு பாக்ஸ் வாங்கினோம். அம்மாவும் அப்பாவும் நாள் முழுக்க அதில்தான் நாடகம் பார்க்கிறார்கள். அதில் வைரஸ் இருக்கும் என்கிறார்கள், உண்மையா?

இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெட்டியைப் பிரிக்கும் முன்பே உள்ளே இருக்கும். 2023 ஜனவரியில் உங்கள் நாட்டுப் பாதுகாப்பு ஆலோசகர் டேனியல் மிலிசிக், அமேசானில் வாங்கிய டி95 பாக்ஸின் ஃபர்ம்வேரிலேயே மால்வேர் (கேடு செய்யும் மென்பொருள்) இருந்ததைக் காட்டினார். சிப் ஆல்வின்னர் எச்616. சிஸ்டம் டேட்டாவுக்குள் 'கோர்ஜாவா' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பாக்ஸ் ஆன் ஆனதுமே வெளி சர்வர்களைக் கூப்பிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம் 'பேட்பாக்ஸ்' என்ற பெயரில் 74,000 கருவிகளில் இதே வகைத் தொற்றைக் காட்டியது. டி95, எக்ஸ்12ப்ளஸ், எம்எக்ஸ்கியூ ப்ரோ 5ஜி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பான பிஎஸ்ஐ, 30,000 கருவிகள் மால்வேர் சர்வரோடு பேசும் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் எஃப்பிஐ எச்சரித்தது. ஜூலையில் கூகுள் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டபோது சொன்ன எண்ணிக்கை ஒரு கோடிக்கு மேல்.

இவ்வளவு பரவக் காரணம், பாக்ஸில் பெயர் அச்சடிப்பவர் ஒருவர், போர்டு செய்பவர் வேறொருவர், ஃபர்ம்வேர் தருபவர் மூன்றாமவர் என்பதுதான். இடையில் யாராவது ஒருவர் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தாலும் கடைக்காரருக்கே தெரியாது. ஒரே மாடலை இரண்டு பேர் வாங்கினால் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது.

இன்றே செய்ய வேண்டியவை: ரௌட்டரில் கெஸ்ட் வைஃபை (விருந்தினருக்கான தனி வைஃபை) ஆன் செய்து பாக்ஸை அதில் மட்டும் இணையுங்கள். லேன் கேபிள் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். கேபிளில் இருந்தால் கெஸ்ட் பிரிவு பயன் தராது. பார்க்காத நேரத்தில் பிளக்கைப் பிடுங்குங்கள், ரிமோட்டில் அணைத்தால் அது தூங்குகிறதே தவிர நிற்பதில்லை. முக்கியமாக, அதில் உங்கள் சொந்த ஜிமெயிலைப் போடாதீர்கள். இதெல்லாம் சான்றுள்ள பாக்ஸுக்கு மாறும் வரைக்கும்தான். அம்மா அப்பாவுக்காக மாற்றிக் கொடுங்கள்.

சிங்கப்பூர்: ஃபேக்டரி ரீசெட் செய்தால் போய்விடும்தானே?

போகாது. ரீசெட் அழிப்பது டேட்டா பகுதியை. மால்வேர் இருப்பது சிஸ்டம் பகுதியில். அழித்ததும் அங்கிருந்தே திரும்ப வரும். இணையத்தில் கிடைக்கும் 'ஒரிஜினல் ஃபர்ம்வேர்' ஃபைலை ஏற்றினாலும் அதே பின்கதவோடு வரலாம்.

மதுரை: ஏடிபி திறந்திருக்கும் என்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?

நல்ல கேள்வி. ஏடிபி என்பது கம்ப்யூட்டரிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை கொடுக்கும் வழி. அது 5555 போர்ட்டில் (நெட்வொர்க் கதவு எண்) நெட்வொர்க்குக்குத் திறந்திருக்கக் கூடாது. ரௌட்டரின் டிவைஸ் பட்டியலில் பாக்ஸின் ஐபியை எடுங்கள், 192.168.1.23 என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் கூகுளின் ப்ளாட்ஃபார்ம் டூல்ஸ் இறக்கி, ஏடிபி கனெக்ட் கட்டளையில் அந்த ஐபியையும் நடுவில் முக்காற்புள்ளி (:) வைத்து 5555-ஐயும் கொடுங்கள். 'மறுக்கப்பட்டது' என்று வந்தால் நல்லது. டிவி திரையில் 'அனுமதிக்கவா?' என்று கேட்டால் திறந்திருக்கிறது, ஆனால் பூட்டு இருக்கிறது. எதுவுமே கேட்காமல் இணைந்துவிட்டால், அந்த வைஃபையில் இருக்கும் எந்தக் கருவியும் உங்கள் பாக்ஸில் ஆப் ஏற்றலாம்.

மூட: செட்டிங்ஸ், அபவுட், பில்ட் நம்பரை 7 தடவை அழுத்துங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் யூஎஸ்பி டீபக்கிங், நெட்வொர்க் டீபக்கிங் இரண்டையும் அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சோதியுங்கள். திரும்பவும் திறந்திருந்தால் ஃபர்ம்வேரே திறக்கிறது. அந்த பாக்ஸை நெட்டில் இணைக்கவே வேண்டாம்.

லண்டன்: கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறீர்கள். பாக்ஸ் ரௌட்டருக்குப் பின்னால் இருக்கிறது, வெளியிலிருந்து யாரும் 5555-க்கு வர முடியாது. தவிர, பாக்ஸில் திருட என்ன இருக்கிறது? நாடகம் பார்க்கிறோம், அவ்வளவுதானே?

பலரும் கேட்கிற இரண்டு கேள்வி இவை, கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ரௌட்டர் தடுப்பது வெளியிலிருந்து வரும் இணைப்பை. பின்கதவு உள்ள பாக்ஸ் உள்ளிருந்து வெளியே போய் இணைப்பை ஏற்படுத்துகிறது. ரௌட்டருக்கு அதுவும் யூட்யூப் பார்ப்பதும் ஒன்றுதான்.

திருட என்ன இருக்கிறது என்றால், உங்கள் வீட்டு ஐபி முகவரி. இந்த பாக்ஸ்களை 'ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி'யாக, அதாவது மற்றவர் உங்கள் வீட்டு இணைப்பு வழியாக இணையத்துக்குப் போகும் இடைவழியாக, வாடகைக்கு விடுகிறார்கள். யாரோ ஒருவர் திருட்டுப் பாஸ்வேர்டுகளை ஒரு தளத்தில் போட்டுப் பார்க்கிறார், போலி விளம்பரக் கிளிக் செய்கிறார். அந்தத் தளத்தின் பதிவில் விழுவது உங்கள் முகவரி. போலீஸ் இணைய நிறுவனத்திடம் கேட்டால் கிடைப்பதும் உங்கள் பெயர்தான். 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்த 'வோய்ட்' மால்வேர் மட்டும் 197 நாடுகளில் 13 லட்சம் பாக்ஸ்களில் இருந்தது.

லண்டன் (மீண்டும்): சரி, என் பாக்ஸில் மால்வேர் இல்லை, ஏடிபி மட்டும் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ரௌட்டர் போதும்தானே?

போதாது என்பது 2025 கடைசியில் வெளிப்பட்ட 'கிம்வுல்ஃப்' பாட்நெட்டில் (கைப்பற்றிய கருவிகளின் படை) தெரிந்தது. சில ப்ராக்ஸி சேவைகள் தங்கள் வாடிக்கையாளரை, ப்ராக்ஸி ஓடும் வீட்டின் உள் நெட்வொர்க்குக்குள்ளும் போக விட்டன. உள் முகவரிகளுக்குத் தடை இருந்த இடத்தில், ஒரு இணையப் பெயர் எந்த முகவரிக்குப் போகும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை, வீட்டு உள் முகவரியான 192.168 வரிசைக்குக் காட்டித் தடையைத் தாண்டினார்கள். அங்கிருந்து 5555-ல் கதவு திறந்திருக்கும் பாக்ஸைத் தேடிப் பிடித்தார்கள். 18 லட்சம் கருவிகளுக்கு மேல் சிக்கியதாக எக்ஸ்லேப் என்ற பாதுகாப்பு ஆய்வுக்குழு கணக்கிட்டது. ப்ராக்ஸி உங்கள் பாக்ஸில்தான் ஓட வேண்டும் என்பதில்லை. விருந்துக்கு வந்தவரின் போனில் ஒரு இலவச ஆப்புக்குள் ஒளிந்திருந்து, அவர் உங்கள் வைஃபையில் சேர்ந்தாலே போதும்.

கோயம்புத்தூர்: லண்டன்காரர் சொல்வதும் நியாயம்தானே சார். விபிஎன் போட்டுவிட்டால்?

விபிஎன் என்பது இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகப் பூட்டி அனுப்பும் வழி. பாக்ஸிலேயே விபிஎன் ஆப் போட்டால், மால்வேர் அந்த ஆப்புக்கு அடியில், சிஸ்டம் உரிமையோடு ஓடுகிறது. அதை விபிஎன் தடுக்காது. திருட்டு சேனல் ஆப்களை மறைக்க விபிஎன் வாங்கியவர்களுக்கும் இதே பதில்.

திருச்சி: எல்லா ஓடிடியும் இலவசமாக வரும் ஏபிகே எது நல்லது?

எதையும் சொல்ல மாட்டேன். சுத்தமான பாக்ஸைக்கூடக் கெடுப்பது, ப்ளே ஸ்டோருக்கு வெளியே இறக்கி ஏற்றும் அந்த ஏபிகே ஃபைல்தான்.

சேலம்: ரிமோட் ஜோடி சேரவில்லை.

இது என் துறை இல்லை. பாக்ஸ் விற்ற இடத்தில் கேளுங்கள்.

சென்னை: பிராண்ட் டிவி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையா?

மால்வேர் பயம் மிகக் குறைவு, வேவு வேறு வடிவில் உண்டு. ஏசிஆர் என்ற வசதி திரையில் ஓடுவதைத் துண்டு துண்டாக எடுத்து, கைரேகை போல் மாற்றி அனுப்பும். 2024-ல் வந்த ஒரு ஆய்வில் எல்ஜி டிவி 15 விநாடிக்கு ஒரு முறையும், சாம்சங் நிமிடத்துக்கு ஒரு முறையும் அனுப்பின. எச்டிஎம்ஐ வழியாக லேப்டாப் மாட்டியிருந்தாலும் அனுப்பின. அணைத்தால் நின்றது. எல்ஜியில் 'லைவ் ப்ளஸ்', சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்'. இரண்டையும் அணையுங்கள்.

நாமக்கல்: ரீசெட் செய்தால் சரியாகிவிடுமா?

சிங்கப்பூர் கேள்வியைப் பாருங்கள்.

பாண்டிச்சேரி: ஏற்கெனவே என் ஜிமெயிலைப் போட்டுவிட்டேன்.

போனிலிருந்து கூகுள் அக்கவுண்ட், செக்யூரிட்டி, யுவர் டிவைசஸ். பாக்ஸைத் தேர்ந்து சைன் அவுட். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். இந்த வரிசையிலேயே, போனில். பாக்ஸில் உட்கார்ந்து மாற்றாதீர்கள்.

யாழ்ப்பாணம்: தூக்கிப் போட மனசில்லை. வேறு எதற்காவது பயன்படுமா?

சிப் ஆம்லாஜிக் என்றால் ஒரு வழி உண்டு. ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக ஓடும் கோர்எலெக் என்ற இலவச மென்பொருளை 8 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதுங்கள். கார்டில் 'டிவைஸ் ட்ரீஸ்' ஃபோல்டரிலிருந்து உங்கள் சிப்புக்கும் ராமுக்கும் பொருந்தும் ஃபைலை வெளியே காப்பி செய்து, 'டிடிபி டாட் ஐஎம்ஜி' என்று பெயர் மாற்றுங்கள். பாக்ஸின் ஏவி ஓட்டைக்குள் பல்குச்சியை விட்டால் அடியில் ஒரு சின்ன பட்டன் 'க்ளிக்' என்று அழுந்தும். அழுத்தியபடியே பவர் கொடுத்து, லோகோ வந்ததும் விடுங்கள். ராம் அளவு பொருந்தாத ஃபைல் போட்டால் கறுப்புத் திரைதான். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாமல், 1 ஜிபி, 2 ஜிபி ஃபைல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

கார்டிலிருந்து ஓடும்போது உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு எழுவதில்லை. பென்டிரைவில் உள்ள படம் பார்க்கத் தாராளம். கார்டைக் கழற்றினால் பழைய ஆண்ட்ராய்டு எழுந்துவிடும், ஆகவே வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். சிப் ஆல்வின்னர், ராக்சிப் என்றால் கோர்எலெக் ஏறாது. அதை மின்கழிவில் கொடுங்கள், இன்னொருவருக்கு விற்காதீர்கள்.